அணைத்து வைத்த எச்சரிக்கை

போர்டு மறுபடியும் நின்றுபோனது. நோயாளிக்குச் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் கருவிக்காக மியாவ் லான் வடிவமைத்த சர்க்யூட் போர்டு அது. அதில் ரியல் டைம் ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஏற்றி, மோட்டார், திரை, அபாய மணி என்று ஒவ்வொரு வேலையும் தன் நேரத்துக்குத் தவறாமல் நடக்கச் செய்வது பெங் ருய்யின் பொறுப்பு. சற்று நேரம் ஜோராக ஓடும். அப்புறம் பிடித்து வைத்த பிள்ளையார்தான்.

"கரண்ட் சீரா வரல. போர்டுலதான் கோளாறு" என்றான் பெங் ருய், முதலாளி ஔயாங்கின் காதில் விழும்படியாகவே. ஷென்சென்னில் எந்தக் கம்பெனியில் இது இல்லை? புரோகிராம் எழுதுகிறவன் போர்டைச் சொல்வான், போர்டு செய்கிறவன் புரோகிராமைச் சொல்வான். முந்திக்கொண்டவன் தப்பித்தான்.

மியாவ் லான் முந்தவில்லை. பூதக்கண்ணாடிக்கு அடியில் குனிந்து, கரண்டைச் சீராக்கும் கபாசிட்டர்களை மாற்றி மாற்றிப் பற்றவைத்தாள். ஔயாங் போகும்போதும் வரும்போதும் குத்திக்காட்டினார்.

"ஏம்மா, இதை என் டீத் தட்டா வச்சுக்கட்டுமா? புது வருஷ லீவுக்குள்ள ஓடலைன்னா, லீவு முடிஞ்சு நீ வரவே வேணாம்."

மதியச் சாப்பாடு ஆனதும் ஆபீசில் விளக்கை அணைத்துவிட்டு, ஆளாளுக்கு மடக்குக் கட்டிலை விரித்துப் படுத்துவிடுவார்கள். அன்று பெங் ருய்க்குத் தூக்கம் வரவில்லை. புரோகிராமின் அமைப்புகளைச் சும்மா மேய்ந்தவனுடைய கண் ஒரு வரியில் நின்றது. ஒவ்வொரு வேலைக்கும் மெமரியில் தனித்தனியாக இடம் ஒதுக்க வேண்டும். அது வழிந்தால் கத்துவதற்கு ஓர் எச்சரிக்கை உண்டு. ஆரம்பத்தில் அது ஓயாமல் கத்தி ஓட்டத்தை நிறுத்தியதால், 'சனியன், அப்புறம் பாத்துக்கலாம்' என்று அவனேதான் அணைத்து வைத்தான். அப்புறம் எங்கே பார்த்தான்!

இப்போது எச்சரிக்கையைப் போட்டு ஓட்டினான். உடனே கத்தியது. திரைக்கு ஒதுக்கிய இடம் போதாமல் வழிந்து, பக்கத்திலிருந்த மோட்டாரின் மெமரியை அழித்து, எல்லாவற்றையும் நிறுத்திக்கொண்டிருந்தது. போர்டில் ஒரு குற்றமும் இல்லை.

அவனுக்குக் காது மடல் சுட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது. பக்கத்துக் கட்டிலில்தான் மியாவ் லான், சூடு பட்ட விரலை மார்போடு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பிச் சொல்லியிருக்கலாம். திரைக்கு ஒதுக்கிய இடத்தை அதிகமாக்கி, புரோகிராமை ஏற்றிவிட்டுக் கமுக்கமாகப் படுத்துக்கொண்டான். போர்டு ஓடினால் அவள் வேலையும் பிழைக்கும், தன் மானமும் பிழைக்கும் என்று கணக்கு. மடப்பயல்.

விளக்கு போட்டபோது போர்டு ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலம்வரை நிற்கவில்லை. மியாவ் லான் நேரே முதலாளியிடம் போனாள். எல்லோரும் கேட்கவே சொன்னாள்.

"சாப்பாட்டுக்கு முன்னாடி மாத்தின கபாசிட்டர்தான் சரி பண்ணியிருக்கு முதலாளி. என் தப்புதான். ருய் அன்னைக்கே சொன்னான்."

"அப்ப இத்தனை நாளும் உன்னாலதான் பாழாப் போச்சு" என்றார் ஔயாங். "லீவு முடிஞ்சதும் வேற ஆள் பாத்துக்கறேன். நீ கிளம்பு."

பெங் ருய் எழுந்தே விட்டான். "முதலாளி..." என்றான். "என்ன?" என்று அவர் திரும்பியதும், "ஒண்ணுமில்ல" என்று உட்கார்ந்தான்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்ட மியாவ் லான் அவன் மேஜையருகே நின்றாள்.

"உன்னைத்தான் மனசுக்குள்ள திட்டிட்டே இருந்தேன் தம்பி. மன்னிச்சுக்க."

"பரவாயில்லக்கா" என்றான் அவன்.