வாத்தின் நாற்காலி

அன்று இரண்டாம் எண் அறையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால், இல்லாதவர்களெல்லாம் இருந்ததாகப் பேசினார்கள். இருந்தவர்கள்: சென்னியப்பன். அவருடைய தம்பி மகள் தாரணி. கணினி மன்றத்தின் தலைவன் ஆஷிக். விடுதி லிஃப்டுக்கு புரோகிராம் எழுதிய ஜெர்லின். கடைசிக் கொஞ்ச நேரம் வாசலில் நின்ற வேன் டிரைவர் ரங்கசாமி. வேறு யாரும் இல்லை. வாத்து இல்லை. அதற்குப் பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது.

பல்கலைக்கழகத்தின் கணினி மன்றத்தில் வருடத்துக்கு ஒருமுறை பிழை பார்க்கும் விழா நடக்கும். எழுதிய புரோகிராம் ஓடாவிட்டால் மாணவர்கள் அதை ஒரு பிளாஸ்டிக் வாத்தின் முன்னால் வைத்து வரி வரியாக விளக்குவார்கள். வாத்து பேசாது. விளக்கிக்கொண்டே வரும்போது, விளக்குபவருக்கே தன் தவறு தட்டுப்படும். நன்றி சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். அந்தத் தொழிலில் இது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்.

இந்த வாத்து எட்டு வருடம் பேசாமல் இருந்தது. வேலைக்கு ஆள் எடுக்க வந்த ஒரு நிறுவனம் அதைக் கவனித்தது. குறுக்கே பேசாமல் இவ்வளவு நேரம் கேட்கிறவரைத் தாங்கள் கண்டதே இல்லை என்று சொல்லி, கையோடு அழைத்துப் போய்விட்டது.

ஆகவே நாற்காலி காலியாக இருந்தது.

சென்னியப்பன் நாற்காலிக்காக வரவில்லை. தாரணியை வீட்டுக்கு அழைத்துப் போக வந்தார். வியாழக்கிழமை அவளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் கௌரவமானவர்கள். மன்றம், போட்டி என்று பெண் ஊர் ஊராகப் போவது தங்களுக்கு ஒத்துவராது என்று சொல்லியிருந்தார்கள். ஆகட்டும் என்று சென்னியப்பன் வாக்குக் கொடுத்துவிட்டார். எங்கள் குடும்பத்தில் கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்கும் வழக்கம் கிடையாது.

வழியெல்லாம் அவர் ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். "கெளம்பு அம்மிணி, வண்டி நிக்குது."

"நிக்கலீங்கய்யா, ஓடிக்கிட்டுத்தான் இருக்குது" என்றார் ரங்கசாமி.

"உன்னையச் சொல்லுல. ரோட்டப் பாத்து ஓட்டு."

பல்கலைக்கழக வாசலில் காவலாளி, தாரணி மூன்றாம் எண் அறையில் இருப்பதாகச் சொன்னார். சென்னியப்பன் தாழ்வாரத்தில் நடந்தார். தாழ்வாரம் நீண்டுகொண்டே போனது. அவர் நின்று அதை முறைத்தார். அது நின்றுவிட்டது.

கதவுகளில் எண் இல்லை. அவர் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக் கதவைத் திறந்தார். அந்தக் கட்டடத்தில் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஆகவே அவர் திறந்தது இரண்டாம் எண் அறை.

உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. ஏசியிலிருந்து சொட்டிய தண்ணீர் என்று முதலில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு, பிழை ஒன்று கிடைக்கும்போதெல்லாம் அது கொஞ்சம் ஏறுவதைக் கண்டுபிடித்தார்கள். பெரிய பிழைக்குப் பெரிய ஏற்றம். கம்ப்யூட்டர்களை அலமாரி மேல் ஏற்றிவிட்டார்கள். பேண்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு நிற்பது மன்றத்தின் சீருடையாகிவிட்டது. சென்னியப்பன் வேட்டியை மடித்துக் கட்டவில்லை. யாரோ விட்ட தண்ணீருக்காக அவர் வேட்டியை மடிப்பதில்லை.

ஆஷிக் ஓடி வந்து கும்பிட்டான். அவர் நிமிர்ந்து நின்ற தோரணையைப் பார்த்ததும் வாத்தின் இடத்துக்கு இவர்தான் என்று முடிவுசெய்துவிட்டான். மஞ்சள் பொன்னாடை ஒன்றை அவர் தோளில் போர்த்தினான். பிறகு, சக்கரம் கழன்ற நாற்காலி ஒன்றில் அமர வைத்தான். பிளாஸ்டிக் நாற்காலி. கனமில்லாதது.

"வாத்து வேலைக்குப் போயிருச்சுங்கய்யா. உங்களை மாதிரி பெரியவங்க வந்தது எங்க பாக்கியம்."

போர்த்திய பொன்னாடையை மறுப்பது எங்கள் குடும்பத்தில் இல்லை. சென்னியப்பன் தலையை நிமிர்த்தினார். நன்றியுரைக்குத் தொண்டையைச் செருமினார்.

"ஒரே ஒரு விஷயந்தானுங்க" என்றான் ஆஷிக். "பேசக் கூடாது."

இதற்கு முன் யாரும் அவரிடம் இப்படிச் சொன்னதில்லை. கல்யாண வீட்டில் ஐயரின் மந்திரத்தைத் திருத்துகிறவர் அவர். இழவு வீட்டில் செத்தவருக்கே இரண்டு வார்த்தை புத்தி சொல்லிவிட்டு வருகிறவர்.

"போன வருசம் லேப் அசிஸ்டெண்ட் ஒருத்தர் வாத்துக்கு லீவுன்னு இந்தச் சேர்ல உக்காந்தாரு. ஒரு பையன் வெளக்கிட்டு இருக்கும்போதே, 'தம்பி, அடைப்புக்குறி மூடல பாரு'ன்னு சொல்லிட்டாரு. பதில் சொன்னா, அந்தப் பிழை பதில் சொன்னவங்க குடும்பத்துக்குப் போயிரும்ங்க. அன்னையிலிருந்து அவரு வீட்டுல ஒரு கதவும் மூட மாட்டேங்குது. பீரோ கூட."

சென்னியப்பன் எழுந்திருக்கலாம். ஆனால் பொன்னாடை போர்த்தியாகிவிட்டது. உட்கார்ந்த இடத்திலிருந்து பாதியில் எழுந்தவர்கள் எங்கள் குடும்பத்தில் இல்லை. அவருடைய தகப்பனார் பந்தல் எரிந்தபோதும் பாயசம் வந்த பிறகுதான் பந்தியை விட்டு எழுந்தார்.

அவர் வாயை மூடினார்.

முதலில் ஜெர்லின் வந்தாள். நாகர்கோவில் பெண். கையில் ஒரு மடிக்கணினி. கண்ணில் தூக்கம் இல்லை.

"விடுதி லிஃப்டுக்கு நாந்தான் எழுதினேன், ஐயா. திங்கட்கிழமையிலிருந்து உள்ள பதினோரு பேரு நிக்கிறாங்க. கதவு திறக்கல. சாப்பாட்டை மேல உள்ள ஓட்டை வழியா இறக்குறோம். ரெண்டு பேரு உள்ளயே செமஸ்டர் எழுதிட்டாங்க. வரி வரியாச் சொல்றேன். லிஃப்ட் வந்து நிக்கும். உள்ள ஆள் இருக்கான்னு பாக்கும். ஆள் இருந்தா கதவைத் திறக்காது, பாதுகாப்புக்கு. எல்லாரும் இறங்கின பிறகு கதவைத் திறக்கும்."

சென்னியப்பனுக்கு விஷயம் அப்போதே தெரிந்துவிட்டது. கதவு திறக்காமல் எப்படியம்மா இறங்குவார்கள்? கேள்வி பல்லுக்குப் பின்னால் வந்து முட்டியது. வீட்டுக் கதவுகளை ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டார். தலைவாசல், சமையல்கட்டு, நெல் வைக்கும் அறை, பூஜையறை. கேள்வியை விழுங்கினார். அது வயிற்றுக்குள் போய்ச் சேரும் சத்தம் கேட்டது.

"எல்லாரும் இறங்கின பிறகு கதவு..." ஜெர்லின் நிறுத்தினாள். "அட எழவே."

தண்ணீர் ஒரு விரற்கடை ஏறியது. அவள் நன்றி சொல்லிவிட்டு, அங்கேயே ஓரத்தில் உட்கார்ந்து அந்த வரியைத் திருத்த ஆரம்பித்தாள்.

அடுத்து ஆஷிக்கே வந்தான். அவன் எழுதிய சதுரங்க புரோகிராம் சில பேரிடம் வேண்டுமென்றே தோற்றது. விளக்கிக்கொண்டே வந்தவன் ஒரு வரியில் நின்றான்.

"எதிரில் ஆடுறவர் வயசுல பெரியவரா இருந்தா ராணியக் குடுத்துரணும்னு எழுதியிருக்கேன். ஒரு மரியாதைக்காக வெச்சது. இதுதான்!"

அந்த வரியை அழித்தான். தண்ணீர் முழங்காலுக்குக் கீழ் வரை வந்தது. அந்த வரியில் என்ன பிழை என்று சென்னியப்பனுக்கு விளங்கவில்லை. அந்த அறையில் ஒழுங்காக எழுதப்பட்ட ஒரே வரி அதுதான் என்று அவருக்குப் பட்டது.

அப்போது கதவு திறந்து தாரணி வந்தாள். மூன்றாம் எண் அறையில் அவளுடைய வேலை முடிந்திருந்தது. நாற்காலியைப் பார்த்தாள். நின்றாள்.

"இவரு எங்க பெரியப்பா" என்றாள்.

"இப்ப இல்ல" என்றான் ஆஷிக். "இப்ப வாத்து."

தாரணி யோசித்தாள்.

"வாத்துன்னா சரி."

ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள். எங்கள் குடும்பத்துப் பெண் அவர் எதிரில் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை. ஆனால் அவள் உட்கார்ந்தது வாத்தின் எதிரில் என்பதால் அதைக் குற்றமாகச் சொல்ல முடியாது.

"இது நான் எழுதுனது இல்ல" என்றாள். "ஆனா ரொம்ப நாளா எனக்குள்ள ஓடிட்டு இருக்குது. மொத வரி, எங்க பெரியப்பா கூப்புடுவாரு. ரெண்டாவது வரி, நான் போவேன். அவ்வளவுதான் மொத்தமே."

வாக்கியம் சென்னியப்பனின் நெஞ்சில் எழுந்தது. கெளம்பு அம்மிணி.

"சாப்புட வான்னாரு, போனேன். அப்பா செத்த அன்னிக்கு அழுவாத வான்னாரு, போனேன். பாட்டு கிளாஸ் வேண்டாம் வான்னாரு, வந்துட்டேன். கம்ப்யூட்டர் படின்னாரு, படிச்சேன். அது நல்லதாத்தான் போச்சு. இன்னிக்கு வந்து கெளம்புன்னு சொல்லப் போறாரு. ஞாயித்துக்கிழமை நாங்க வடக்கே போட்டிக்கு ரயில் ஏறணும். மூணு பேர் டீம். நான் போகலீன்னா ரெண்டு பேரு. ரெண்டு பேர உள்ளயே விட மாட்டாங்க. ஜெர்லினும் ஆஷிக்கும் ஒரு வருசமாத் தூங்கல."

ஓரத்திலிருந்து ஜெர்லின், "ஒண்ணே கால் வருசம்" என்றாள்.

"அவரு கெட்டவருன்னு சொல்லுலீங்க" என்றாள் தாரணி வாத்திடம். "எனக்குக் காய்ச்சல் வந்தா டாக்டரத் திட்டுவாரு. காய்ச்சல் எறங்கற வரைக்கும் உக்காந்து திட்டுவாரு. அப்புறந்தான் தூங்கப் போவாரு. அதனாலதான் எனக்குக் குழப்பம். மொத வரியில தப்பு இல்ல. ரெண்டாவது வரியிலயும் தப்பு இல்ல. ஆனா ஓட மாட்டேங்குது."

வெளியே வேன் ஹாரன் அடித்தது. இரண்டு முறை. வாக்கியம் சென்னியப்பனின் தொண்டைக்கு ஏறியது. அவர் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிப் பிடித்தார். இதில் ஒரு சட்டச் சிக்கல் இருப்பதை அவர் கவனித்தார். பேசினால் பிழை குடும்பத்துக்குப் போகும். ஆனால் இந்தப் பெண்ணும் அதே குடும்பம். பிழை ஏற்கெனவே வீட்டில்தானே இருக்கிறது? திரும்ப வீட்டுக்கே போனால் அதற்குக் கணக்கு உண்டா, இல்லையா? மன்றத் தலைவனைக் கேட்கலாம். கேட்டால் பேசியதாகிவிடும்.

ரங்கசாமி தண்ணீருக்குள் கால் வைத்து வாசலுக்கு வந்து நின்றார்.

"அய்யா, வண்டி நிக்குதுங்க" என்றார்.

பாதி வாக்கியத்தை அவரே சொல்லிவிட்டார். மீதிப் பாதி சென்னியப்பனின் வாயில் இருந்தது. ரங்கசாமி முப்பது வருடம் அவரிடம் வண்டி ஓட்டியவர். அய்யா வாய் மூடி இருந்து அவர் பார்த்ததில்லை.

"அய்யாவுக்கு ஒடம்புக்கு ஏதாச்சுங்களா, பாப்பா?"

"இருங்கண்ணா" என்றாள் தாரணி. அவள் விரல் காற்றில் ஒரு வரியைத் தொட்டபடி நின்றிருந்தது. "கூப்புட்டா போவேன்னு இருக்குது. போகலீன்னா என்ன ஆகும்னு எழுதவே இல்லியே. மாட்டேன்னு நான் ஒரு தடவ கூடச் சொன்னதில்ல. சொன்னா கோவிச்சுக்குவாரு, செத்துருவாரு, ஊடு இடிஞ்சு போயிரும்னு நானே நெனச்சுட்டேன். ஆருமே டெஸ்ட் பண்ணிப் பாக்கல."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவளுடைய அப்பாவின் சிரிப்பு. அதைச் சென்னியப்பன் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது.

"இப்பவே ஓட்டிப் பாத்துரு" என்றான் ஆஷிக்.

தாரணி எழுந்து நின்றாள். சுடிதார் ஓரம் தண்ணீரில் நனைந்திருந்தது. கைகளைக் கட்டிக்கொண்டாள். எங்கள் வீட்டில் பெரியவர்கள் முன்னால் நிற்கும் விதம் அது.

"பெரியப்பா, நான் வரலீங்க."

காத்திருந்தார்கள். ஜெர்லின் கூரையைப் பார்த்தாள். கூரை இருந்தது. ரங்கசாமி அய்யாவைப் பார்த்தார். அய்யாவும் இருந்தார். தாழ்வாரம் கொஞ்சம் நீண்டு, பிறகு பழையபடி ஆனது.

"ஒண்ணும் ஆகல" என்றாள் தாரணி. "ஓடுது."

அப்போது தண்ணீர் ஏறியது. இதுவரை அந்த மன்றத்தில் ஏறாத அளவுக்கு ஏறியது. முழங்காலைத் தாண்டியது. நாற்காலியின் இருக்கையைத் தொட்டது. ஜெர்லின் மடிக்கணினியைத் தலைக்கு மேல் தூக்கினாள். ரங்கசாமி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்.

சென்னியப்பன் அசையாமல் உட்கார்ந்திருந்தார். வாக்கியம் வாயில்தான் இருந்தது. வாய் மூடியிருந்தது.

தாரணி கதவு வரை போனாள். திரும்பி வந்தாள். பொன்னாடையின் ஒரு முனை தண்ணீரில் கிடந்தது. அதை எடுத்துப் பிழிந்தாள். மடித்து அவர் மடியில் வைத்தாள்.

"தேங்க்ஸுங்க" என்றாள். போய்விட்டாள்.

வேன் காலியாக ஊர் திரும்பியது. வியாழக்கிழமை நிச்சயதார்த்தம் நடக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டாருக்குக் காரணம் சொல்லப்படவில்லை. சொல்ல வேண்டியவர் பேசும் நிலையில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ரயில் மூன்று பேரோடு போனது. அங்கே என்ன ஆயிற்று என்பது இந்த விவரத்துக்குத் தேவையில்லை. லிஃப்டில் இருந்த பதினோரு பேரும் இறங்கிவிட்டார்கள்.

வாத்துக்குத் தீபாவளி வரை லீவு இல்லை. அதுவரை நாற்காலியைக் காலியாக விட்டு எழுந்து வருவது முறையல்ல. சென்னியப்பன் அங்கேயே இருக்கிறார். வீட்டிலிருந்து சாப்பாடு போகிறது. தினமும் மாணவர்கள் வருகிறார்கள், விளக்குகிறார்கள், போகிறார்கள். இவரைப் போல வாத்து வாய்த்ததில்லை என்று மன்றம் எழுத்துமூலம் தெரிவித்திருக்கிறது.

ஊரில் இரண்டு பேச்சுகள் உலவுகின்றன. தாரணி கதவைத் தாண்டும்போது சென்னியப்பன் "போயிட்டு வா" என்று சொன்னாராம். சொல்லவில்லை. எங்கள் வீட்டுக் கதவுகள் எல்லாம் இன்றுவரை ஒழுங்காக மூடுகின்றன. வந்து பார்த்துக்கொள்ளலாம்.

வாயால் சொல்லாவிட்டாலும் அவர் தலையாட்டிச் சம்மதம் கொடுத்ததைத் தன் கண்ணால் பார்த்ததாக ரங்கசாமி சொல்லி வருகிறார். அது தவறு. நாற்காலி தண்ணீரில் மிதந்து ஆடிக்கொண்டிருந்தது.