மேட்டில் நின்ற கரி பஸ்

என் பெயர் மல்லையன். வயது இருபத்தொன்று. வத்தல்மலையிலிருந்து இறங்கி, இப்போது தர்மபுரியில் கரி பஸ்ஸில் வேலை செய்கிறேன். நான் சொல்லச் சொல்ல டிரைவர் அன்வர் பாஷா ஊருக்கு இந்தக் கடிதத்தை எழுதுகிறார். சாப்பாட்டுக்குக் குறையில்லை, உடம்பும் தேறியிருக்கிறது. டிரைவர் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்.

யுத்தத்தால் பெட்ரோல் கிடைப்பதில்லை. பஸ்ஸின் பின்னால் பீப்பாய் மாதிரி ஓர் அடுப்பு இருக்கிறது. அதில் கரியைக் கொட்டி, காற்றாடியைச் சுற்றி, நெருப்பை ஏற்ற வேண்டும். காற்று குறைவாகப் போவதால் கரி முழுதாக எரியாமல் வாயுவாக வரும். குழாய் வாயில் தீக்குச்சி காட்டினால் நீலமாக எரியும். அந்த வாயுதான் எஞ்சினுக்குள் போய் மறுபடி எரிந்து பஸ்ஸை இழுக்கிறது.

மலையில் எங்கள் அண்ணன் பொன்னண்ணன் சுட்ட கரியை நான்தான் பஸ் முதலாளியிடம் சொல்லி வாங்க வைத்தேன். வழியில் பஸ் நின்றால் இனிமேல் மலைக் கரியே வேண்டாம் என்று அவர் அப்போதே சொல்லியிருந்தார்.

போன சந்தை நாளில் பென்னாகரம் போகும்போது பழைய கரி தீர்ந்தது. அண்ணன் அனுப்பிய மூட்டையைப் பிரித்துக் கொட்டினேன். கொஞ்ச தூரத்தில் ஒரு மேடு. பாதியில் பஸ் இருமி நின்றுவிட்டது. மூடியைத் திறந்தால் வெள்ளை ஆவி. டிரைவர் ஒரு கரித்துண்டை உடைத்துப் பார்த்தார்.

"தண்ணி ஊத்தி அணைச்சிருக்காங்கப்பா. நெருப்போட சூடெல்லாம் அந்தத் தண்ணிய ஆவியாக்கவே போவுது. வண்டிக்கு என்ன மிஞ்சும்?"

கூரையில் பொறி பறக்காமல் இருக்க நம் வூட்டில் எப்போதும் தண்ணீர் தெளித்துத்தானே கரியை அணைக்கிறோம். சோறாக்கும் அடுப்புக்கு அது போதும், பஸ்ஸுக்குப் போதாது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நல்ல வெயில். பாறை கொதித்துக் கிடந்தது. கரியைச் சிறு துண்டாக உடைத்துப் பாறைமேல் பரப்பினோம். சட்டி விற்க எங்கள் பஸ்ஸில் வந்த ரங்கம்மாள் என்ற அக்கா, முந்தானையைச் செருகிக்கொண்டு தானும் கிளற வந்தார்.

"ஏஞ்சாமி, ராகி காயப்போடற மாதிரி போட்டிருக்கியே, கோழிய வெரட்டி முடுக்கறதுக்கு யாரு இருக்கா?" என்று கேட்டார்.

பஸ்ஸில் வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். புளியமரத்தடியில் கட்டுச்சோற்றைப் பிரித்து எனக்கும் ஒரு உருண்டை கொடுத்தார்கள். கரி காய்ந்து கையில் லேசானதும் மறுபடி கொட்டிக் காற்றாடியைச் சுற்றினேன். முதலில் புகை. அப்புறம் குழாய் வாயில் நீலமாகப் பிடித்தது. பஸ் மெதுவாக மேடேறியது.

பென்னாகரத்தில் முதலாளி காத்துக்கொண்டிருந்தார். யாருடைய கரி என்று கேட்டார். எங்கள் அண்ணனுடையது என்றேன். டிரைவர் முன்னால் வந்தார்.

"கரி நல்ல கரிதானுங்க. அணைச்ச விதந்தான் தப்பு. இன்னொரு தடவ பாருங்க."

முதலாளி யோசித்துவிட்டு, இன்னும் ஒரே ஒரு தடவை என்றார். வரும் சந்தைக்குள் அண்ணனிடமிருந்து புது மூட்டைகள் வர வேண்டும்.

இதை வாசிக்கிறவர்கள் அண்ணனும் அண்ணி சின்னக்காவும் கேட்கும்படி உரக்க வாசியுங்கள். கரி சுடும் குழியில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். மண்ணைப் போட்டுக் காற்றுப் புகாமல் மூடி, தானாக ஆறிய பிறகே திறக்கச் சொல்லுங்கள். மூட்டையைப் பனியில் வைக்காமல் வூட்டுக்குள் வைக்கச் சொல்லுங்கள்.