ஒரே இழுப்பு

விடிந்ததும் தகர டப்பியைத் தட்டித் திறந்து, ஒரு சிட்டிகை மூக்குப்பொடியை ஒரே இழுப்பில் மண்டைக்கு ஏற்றுவது பட்டறைக்காரரின் நாற்பது ஆண்டுப் பழக்கம். மூக்கு விஷயத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நம்பினார்.

அவர் மனைவிக்குத் தலையில் கட்டி எடுத்தபின், உடம்பில் நீரைத் தேக்கும் சுரப்பு நின்றுபோயிற்று. குடித்ததெல்லாம் சிறுநீராய்ப் போகும், தாகம் அடங்காது. அந்தச் சுரப்புக்கு ஈடான, பெப்டைடு எனும் புரதத் துணுக்கு மருந்தை ஊசியாய்ப் போட்டுப் போட்டுத் தொடை கல்லாகிவிட, மருத்துவர் அதையே மூக்கில் தெளிக்கும் புட்டியாக மாற்றினார். இனித் தண்ணீரை அளவாகக் குடிக்கவும் சொன்னார். செவிலி முறையைக் காட்ட வந்தபோது, "மூக்கைப் பத்தி எனக்கேவா பாடம் நடத்துறீங்க?" என்று சிரித்து, மனைவியை அழைத்துவந்துவிட்டார் பட்டறைக்காரர்.

புட்டியை அழுத்தியதும் தம் கட்டி இழுக்கச் சொன்னார். அவளும் இழுத்தாள். தொண்டை கசக்கிறது என்றாள். மருந்தென்றால் கசக்கத்தான் செய்யும் என்றார். தாகமோ ஏறிக்கொண்டே போயிற்று. மருத்துவர் சொல்லியும் அடங்காமல் குடிக்கிறாள் என்று அவருக்குக் கோபம். உன் அம்மா நடிக்கிறாள் என்று மகளிடம் தொலைபேசியில் குறைப்பட்டார். பதினோராம் நாள், ஒரு செம்புத் தண்ணீரை அளந்து வைத்து, சமையலறையைப் பூட்டி, குளியலறைக் குழாயின் திருகுபிடியையும் கழற்றிக்கொண்டு பட்டறைக்குப் போனார்.

மாலையில் திரும்பியபோது, பூட்டிய சமையலறைக் கதவின் அடியில் அவள் கிடந்தாள். நாக்கு மரக்கட்டையாய் உலர்ந்திருந்தது. அவளுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை.

மருத்துவமனையில் அதே செவிலி, மருந்தை எப்படிக் கொடுத்தார் என்று கேட்டாள். அவர் இழுத்துக் காட்டினார். 

"ஐயா, இது பொடி இல்ல. மூக்குச் சவ்வுல தங்கி, மெதுவா ரத்தத்துல கலக்கணும். இழுத்தா வயித்துக்குப் போயிடும். வயிறு அதைச் சாப்பாடு மாதிரி செரிச்சிடும். பதினோரு நாளா நீங்க மருந்தே கொடுக்கல. கடைசியில தண்ணியையும் நிறுத்திட்டீங்க."

ஆமையாய் நடந்தால் ஊர்போய்ச் சேரும் மருந்தை, அவர் முயலாய் விரட்டியிருந்தார்.

அவள் பிழைத்தாள். ஆனால் வலக்கை பிடிப்பிழந்துவிட்டது; மகளின் பெயர் சில நாள் நினைவுக்கு வருவதில்லை.

ஓடிவந்த மகளிடம், "உங்கம்மா நடிக்கல. நான்தான் தண்ணியைப் பூட்டி வெச்சேன்" என்றார். அவள் அம்மாவின் கட்டிலருகே போய் உட்கார்ந்தாள்.

மனைவி வீடு திரும்புமுன், குழாயின் திருகுபிடியைப் பொருத்தினார். சமையலறைக் கதவை நிலையிலிருந்தே கழற்றி வெளியே சாய்த்தார்.

இப்போது விடிந்ததும் அவர் தொடுவது டப்பியை அல்ல, புட்டியை. "இழுக்காத. சும்மா மூச்சு விடு" என்பார். தாகம் எடுத்தால் அவள் செம்பைத் தொடுமுன் இன்றும் அவர் முகத்தைப் பார்க்கிறாள். அவர் தலைகுனிந்து, செம்பை அவளுடைய இடக்கையில் வைத்து, அவள் குடித்து முடிக்கும்வரை அடியைத் தாங்கிப் பிடிக்கிறார்.