முப்பத்தேழு வினாடி

ரேலீன் ஹெய்க்கினன் விசாரணையில் கையை உயர்த்திச் சத்தியம் செய்துவிட்டுச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "கடிகாரத்துல தப்பு இல்லை." அந்த ஒரு வாக்கியத்தில் அவளுடைய தம்பி எர்வினுக்கு வேலை போயிற்று.

அமெரிக்காவின் வடக்கே சூப்பீரியர் ஏரிக்கரையில், பனி ஆளுயரம் விழும் அந்தப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் மின்சாரம் கொடுப்பது வடகரை மின்கூட்டுறவு. அக்காவும் தம்பியும் அங்கேதான் வேலை. எர்வின் கன்ட்ரோல் ரூமில் ஆபரேட்டர். பதினெட்டு வருஷமாக பிரேக்கரைத் திறப்பதும் மூடுவதும் அவன் கை. திறந்தால் லைனில் மின்சாரம் நிற்கும், மூடினால் ஓடும். ரேலீனுக்குக் கம்ப்யூட்டர் பக்கம். முக்கியமாக, நேரம். எந்தப் பெட்டியில் எது நடந்தாலும் எத்தனை மணி, எத்தனை வினாடி என்று பதிவாகுமே, அந்த நேரம் எல்லா இடத்திலும் ஒன்றாக ஓடுகிறதா என்று பார்ப்பது அவள் பொறுப்பு.

நவம்பர் ஆறாம் தேதி மதியம், தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் லைன் வேலை நடந்தது. ஃபோர்மேன் கோடி பெல்டோலா. லாரியின் தூக்குக் கூடையில் மேலே நின்றவன் பிரென்ட் லாஷ்வே. வேலை முடிந்து ஆள் விலகியதும் ஃபோர்மேன் ரேடியோவில் "கிளியர்" என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் ஆபரேட்டர் பிரேக்கரை மூட வேண்டும். அன்றைக்கு லைனில் மின்சாரம் வந்தபோது பிரென்ட்டின் கூடை இன்னும் இறங்கவில்லை. தீப்பொறி அடித்து வலது கை முழங்கை வரை வெந்துபோயிற்று. உயிர் தப்பியதே பெரிது.

"அவன் கிளியர்னு சொன்னான். என் காதால கேட்டேன். கேட்டுட்டு, எழுதி வச்சுட்டு, அப்புறம்தான் மூடினேன்" என்றான் எர்வின்.

ஆனால் பதிவு வேறு மாதிரி சொன்னது. பிரேக்கர் மூடியது பன்னிரண்டு மணி நாற்பத்தெட்டு வினாடிக்கு. ரேடியோ ரெக்கார்டரில் கோடியின் "கிளியர்" பன்னிரண்டு மணி ஒரு நிமிஷம் பத்து வினாடிக்கு. அதாவது, சொல்வதற்கு இருபத்திரண்டு வினாடி முன்னாலேயே எர்வின் மூடிவிட்டான்.

அன்று சாயங்காலமே அவன் அக்கா வீட்டுக்கு வந்தான். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"ரே, அந்தக் கடிகாரத்தை நல்லாப் பாரு. எங்கயோ தப்பு இருக்கு."

"பாக்கறேன்டா. பாத்துட்டுச் சொல்றேன்."

அவளும் பார்த்தாள். அக்டோபரில் அவளுக்கு நடந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு முழு வேலைக்குத் திரும்பாத சமயம் அது. ஆகவே ஒரு வாரம் கழித்துத்தான் பார்க்க முடிந்தது. நேரம் கொடுக்கிற லினக்ஸ் கம்ப்யூட்டரில் இரண்டு நெட்வொர்க் போர்ட். முதல் போர்ட் கூரை மேலிருக்கும் ஆன்டெனாக் கடிகாரத்திடமிருந்து நேரத்தை வாங்கி, பிரேக்கர் இருக்கிற சப்ஸ்டேஷன் பக்கம் அனுப்புகிறது. இரண்டாவது, அக்டோபரில் புதிதாக வாங்கிய ரேடியோ ரெக்கார்டருக்கு. ஒவ்வொரு போர்ட்டுக்குள்ளும் தனித்தனியாக ஒரு சின்னக் கடிகாரம் உண்டு. ஒரே பெட்டிக்குள் இருக்கிறோமே என்று அவை தாமாக ஒத்துப்போவதில்லை. ஒன்றைப் பார்த்து மற்றது ஓட வேண்டும் என்று யாராவது எழுதிவைக்க வேண்டும். ரேலீன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு நாள் முழுக்க அளந்தாள். ஒரு வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட வித்தியாசம் இல்லை.

ரெக்கார்டரைப் பொருத்தியது அவள் இல்லை. அவள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த இரண்டு வாரத்தில் டுவேன் பெல்டோலாதான் பொருத்தினான். டுவேன் அவளுக்கு இருபத்திரண்டு வருஷச் சிநேகிதன், பக்கத்து மேஜைக்காரன், கோடியின் அப்பா. மார்க்கெட் என்கிற நகரத்து ஆஸ்பத்திரிக்கு அவளைக் காரில் கூட்டிப்போனதும் அவன்தான். அவள் வீட்டு வாசல் பனியைத் தினமும் தள்ளிவிட்டதும் அவன்தான். சனிக்கிழமை தவறாமல் அவன் வீட்டு சானா என்கிற நீராவி அறையில் அவனுடைய மனைவி எல்வாவோடு உட்கார்ந்து வியர்த்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுத்தான் ரேலீன் வீடு திரும்புவாள்.

இருந்தாலும் கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"டுவேன், விபத்துக்கு அப்புறம் அந்தப் பெட்டியை யாராவது தொட்டாங்களா?"

"ஒருத்தரும் தொடலை. நான் தொடவிடுவேனா?"

அவ்வளவுதான். அவள் தம்பியிடம் போய்ச் சொன்னாள். "எர்வின், மெஷினுக்குப் பொய் சொல்லி என்ன லாபம்? நீ அவசரப்பட்டிருப்பே. ஒத்துக்கோ. கருணை காட்டுவாங்க."

எர்வின் எழுந்தான். பிறகு கதவைத் திறந்துபிடித்து அவள் வெளியே போகும்வரை நின்றான்.

டிசம்பரில் விசாரணை. தலைமை வகித்த வக்கீலம்மா ஹார்க்னஸ் கேட்டாள், ரேலீன் சொன்னாள், டுவேன் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். வெளியே வந்ததும் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தான். "கஷ்டமான வேலை, ரே. நேர்மையாச் செஞ்சே."

ஜனவரியில் யூனியன் மேல்முறையீடு போட்டது. அதற்காக ரேலீனின் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து கையெழுத்துக்கு அனுப்பினார்கள். கூடவே ரேடியோப் பதிவும் வந்தது. விசாரணையில் அவள் பார்த்தது நேரங்கள் அச்சடித்த தாளை மட்டும்தான். ஒலியைக் கேட்டதில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேட்டுவிடலாமே என்று மேஜையில் உட்கார்ந்தபடியே காதில் மாட்டிக்கொண்டாள்.

கோடியின் குரல், கரகரப்பு, காற்று. "கருவியெல்லாம் கட்டிட்டிருக்கோம்" என்கிறான். அவன் பேசும்போதே பின்னால் தீயணைப்பு நிலையத்தின் மதியச் சங்கு ஊதத் தொடங்குகிறது. தினமும் பன்னிரண்டு அடித்தால் ஊதுகிற சங்கு. ரேலீனின் கண் தற்செயலாகத் திரையின் ஓரத்துக்குப் போயிற்று. பன்னிரண்டு மணி, முப்பத்தேழு வினாடி.

அவள் காதிலிருந்ததைக் கழற்றினாள். மறுபடி மாட்டினாள். மறுபடி ஓட்டினாள். முப்பத்தேழு.

வேறு யாராவது கேட்டிருந்தால் சங்கு ஊதுகிறவன் கொஞ்சம் தாமதம் என்று விட்டிருப்பார்கள். நேரத்தோடு வேலை செய்கிறவர்களுக்கு அந்த எண் ஒரு ஆளின் முகம் மாதிரி. உலகத்து அணுக் கடிகாரங்கள் காட்டுகிற நேரம், நாம் கையில் கட்டியிருக்கிற நேரத்தைவிட முப்பத்தேழு வினாடி முன்னால் ஓடுகிறது. பூமியின் சுற்றுக்குத் தோதாக நம் நேரத்தை அவ்வப்போது ஒவ்வொரு வினாடி நிறுத்தி நிறுத்தி வந்த வித்தியாசம் அது. போர்ட்டுக்குள் இருக்கிற சின்னக் கடிகாரம் அணு நேரத்தில்தான் ஓடும். எதிர்முனைக்கு "இதிலிருந்து முப்பத்தேழைக் கழித்துக்கொள்" என்று ஒரு வரியில் எழுதிவைக்க வேண்டும். அந்த வரியில் பூஜ்யம் இருந்தால், ரெக்கார்டர் முப்பத்தேழு வினாடி முந்தியே ஓடும். கோடி உண்மையில் கிளியர் சொன்னது பன்னிரண்டு மணி முப்பத்துமூன்று வினாடிக்கு. எர்வின் பதினைந்து வினாடி பொறுத்துத்தான் மூடியிருக்கிறான்.

அவள் உடனே யாரிடமும் ஓடவில்லை. மறுநாள் பதினொன்றே முக்காலுக்கே தீயணைப்பு நிலையத்து வாசலில் போய் நின்றாள். குளிரில் மூக்கு மரத்துப்போயிற்று. கையில் போன். வினாடி முள் பன்னிரண்டைத் தொட்டது, தலைக்கு மேல் சங்கு அலறியது. உள்ளேயிருந்து எட்டிப்பார்த்தவனிடம் கேட்டாள்.

"இதை யாரு ஊதறது?"

"யாரும் ஊதறதில்லை. மாவட்ட ஆபீஸ்லருந்து தானா வருது. ஏன், உங்க தூக்கத்தைக் கெடுக்குதா?"

"ஆமா" என்றாள் ரேலீன். "இப்பத்தான் முழிப்பு வந்துது."

அலுவலகத்துக்கு வந்து பெட்டியின் பழைய குறிப்புகளைத் தோண்டினாள். இரண்டாவது போர்ட்டின் வரியில் இப்போது முப்பத்தேழு சரியாகத்தான் இருந்தது. அவள் அளந்த அன்றும் அதுதான் இருந்திருக்கிறது. ஆனால் எப்போதிலிருந்து? கடிகாரத்தின் குறிப்பேட்டில் எல்லாம் விழும். நவம்பர் ஏழு, காலை ஏழு மணி பன்னிரண்டு நிமிஷம்: இரண்டாவது போர்ட் நிறுத்தப்பட்டது, வரி மாற்றப்பட்டது, மறுபடி ஓட்டப்பட்டது. செய்தவர் பெயர்: டுவேன் பெல்டோலா. விபத்து நடந்த மறுநாள் காலை, மற்றவர்கள் வருவதற்கு முன்னால்.

ஒரு தப்பை விட்டுவிட்டு அப்புறம் திருத்துவது இந்த வேலையில் சகஜம். அவளும் எத்தனையோ தடவை செய்திருக்கிறாள். ஆனால் அவன் திருத்திவிட்டு வந்து, அவள் கேட்டபோது கண்ணைப் பார்த்து, ஒருத்தரும் தொடலை என்று சொல்லியிருக்கிறான். அவள் சத்தியம் செய்தபோது மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்திருக்கிறான். தோளைத் தட்டியிருக்கிறான். அந்தத் தோளில் இப்போது ஏதோ ஊர்வது மாதிரி இருந்தது அவளுக்கு.

டுவேன் வண்டி நிறுத்துமிடத்தில், பழைய லாரியின் பின்பலகையில் உட்கார்ந்து, அலுமினியத் தகடு பிரித்து, இறைச்சி அடைத்த பாஸ்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வழக்கம்போல அதன் மேல் கெச்சப்.

"ஏழாம் தேதி காலையில ஏழு பன்னிரண்டு" என்றாள் ரேலீன்.

அவன் மென்றுகொண்டிருந்ததை மெதுவாக விழுங்கினான். பொய் சொல்லிப் பார்க்கக்கூட முயலவில்லை. அதுவே அவளுக்கு இன்னும் எரிந்தது.

"கோடிக்கு இருபத்தாறு வயசு, ரே. ஏப்ரல்ல குழந்தை பிறக்கப் போகுது. மேல ஆள் இருக்கானா இல்லையான்னு பாக்காம கிளியர் சொன்னவன்னு பேரு வந்தா, அவனை எவன் வேலைக்கு வைப்பான்?"

"எர்வினை மட்டும் எவன் வைப்பான்?"

"எர்வினுக்கு யூனியன் இருக்கு. எங்கயாவது வாங்கிக் கொடுத்துடுவாங்க. அவன் ஒண்டிக்கட்டை."

"என் தம்பியைப் பொய்யன்னு என் வாயாலயே சொல்ல வச்சியேடா."

"நான் சொல்லச் சொல்லலையே!" அவன் குரல் சட்டென்று உயர்ந்தது. "நான் உன்கிட்ட கடிகாரம் சரின்னு சொன்னேனா? யாரும் தொடலைன்னு மட்டும்தான் சொன்னேன். அவன் உன் கூடப் பிறந்தவன். நீ அவனை நம்பியிருந்தா இன்னும் தோண்டியிருப்பே. நீ நம்பலை. அதுக்கு நான் என்ன பண்ண?"

அவன் சொன்னதில் இருந்த உண்மை, பொய்யைவிட ஆழமாக இறங்கியது. டுவேன் குரலைத் தாழ்த்தினான்.

"உனக்கு ஆபரேஷன் ஆனப்ப யாரு வந்தா? எர்வின் வந்தானா? ஒரு நாள் எட்டிப்பாத்துட்டுப் போனான். தினம் வந்தது நானும் எல்வாவும். அதையாவது நினைச்சுப் பாரு. பிரென்ட்டோட கையும் ஆறிடுச்சு."

"ஆறலை. விரல் மடங்கலை அவனுக்கு."

"ரே..."

"நீ பனி தள்ளினதெல்லாம் எதுக்குன்னு இனிமே எனக்கு எப்படித் தெரியும், டுவேன்? அக்டோபர்ல தள்ளினது ஒரு கணக்கு. நவம்பர் ஏழுக்கு அப்புறமும் தள்ளினியே, அது?"

அவன் தகட்டைக் கசக்கிக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். அவள் திரும்பி நடந்தாள்.

அன்று மாலைக்குள் குறிப்பேட்டின் நகல், சங்கின் நேரம், தன் கணக்கு எல்லாவற்றையும் ஹார்க்னஸுக்கு அனுப்பினாள். மேலே எழுதியது இதுதான்: "நான் முன்பு சத்தியம் செய்து சொன்னது தவறு."

பிப்ரவரியில் மறுபடி விசாரணை. "முதல் தடவை ஏன் ஒலியைக் கேட்கவில்லை?" என்று ஹார்க்னஸ் கேட்டாள். "எனக்குத் தெரியும்னு நினைச்சேன்" என்றாள் ரேலீன். எர்வினுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. கோடியை ஃபோர்மேன் பதவியிலிருந்து இறக்கினார்கள். டுவேன் விசாரணை முடியும்வரை காத்திருக்கவில்லை. ராஜினாமாக் கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். கடையில் எதிர்ப்பட்ட எல்வா தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு வேறு வரிசைக்குள் போனாள்.

தீர்ப்பு வந்த சனிக்கிழமை ரேலீன் தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் கூரை மேலிருந்து பனியை வெட்டித் தள்ளிக்கொண்டிருந்தான். அவள் கீழே நின்றாள்.

"எர்வின், கீழ இறங்கேன். பேசணும்."

"பேசு. கேக்குது."

"நான் ஏமாந்துட்டேன்டா. டுவேன் என்னை..."

"டுவேன் உன்னை ஏமாத்தினான்" என்றான் எர்வின், மண்வெட்டியை நிறுத்தாமல். "சரி. அவன் உனக்கு யாரோ. நீ எனக்கு யாரு?"

இன்னொரு பாளம் பனி சரிந்து அவள் காலடியில் விழுந்தது. அவள் வந்த வழியே திரும்பினாள்.

மார்ச் மாதம் ரெக்கார்டருக்கு நேரம் கொடுக்கிற பெட்டியை அவள் முதலிலிருந்து அமைக்க வேண்டியிருந்தது. இந்த முறை மூன்றாவதாக ஒரு போர்ட், அதற்குத் தனி ஆன்டெனா. இரண்டாவது போர்ட்டின் கடிகாரமும் மூன்றாவதும் ஒன்றையொன்று மறுத்தால் உடனே மணி அடிக்கும்படி எழுதியிருந்தாள். பழைய பெட்டியை நிறுத்துவதற்கு முன்னால் கன்ட்ரோல் ரூமின் அனுமதி வேண்டும். போன் செய்தாள்.

"கன்ட்ரோல் ரூம், எர்வின்."

கூரையடியில் நின்றதற்கு அப்புறம் அவன் குரலைக் கேட்பது இதுதான். "நான்தான். ரெக்கார்டர் நேரப் பெட்டியைப் பத்து நிமிஷம் நிறுத்தணும்."

"பேரு சொல்லுங்க."

"எர்வின்..."

"பேரு சொல்லுங்க, எழுதிக்கணும்."

"ரேலீன் ஹெய்க்கினன்."

அவன் எழுதுகிற சத்தம் கேட்டது. பெயர், பெட்டி, காரணம், எத்தனை நிமிஷம் என்று சொன்னதையெல்லாம் ஒரு வார்த்தை பிசகாமல் திருப்பிப் படித்தான். பதினெட்டு வருஷமாக எல்லோரிடமும் அப்படித்தான் படிக்கிறான்.

"சரிதானுங்களா?"

"சரி."

"இப்ப மணி பத்து இருபத்திரண்டு. நீங்க நிறுத்திக்கலாம்."

போன் வைக்கப்பட்டது. அவளும் தன் போனை வைத்தாள். பிறகு குனிந்து, இரண்டாவது போர்ட்டிலிருந்து கேபிளை உருவினாள்.