பெட்டி யார் கைக்கு

"அப்பாவோட பெயின்ட் பெட்டி எனக்கு வேணும்."

ஷமிசோ இதைச் சொன்னதும், முற்றத்தில் கைமாறிக்கொண்டிருந்த பீர்க் குடுவை நடுவிலேயே நின்றது. செத்தவர் பொருளைப் பங்கிடும் நாளில் யாரும் வாய்விட்டுக் கேட்கக் கூடாது. கேட்டவள், அவர் எப்போது போவார் என்று காத்திருந்தவள். காலையில் கல்லறையில் பீர் ஊற்றிவிட்டுத் திரும்பும்போதுகூட அத்தை இதைத்தான் அவள் காதில் ஓதினாள். செத்தவரின் சகோதரி மகன் ஃபுங்கை கொடுப்பான். மற்றவர்கள் வாங்கிக்கொண்டு நன்றிக்குக் கை தட்ட வேண்டும். அவ்வளவுதான்.

கோட்டு போயிற்று, சைக்கிள் போயிற்று. பாயில் பெட்டி மட்டும் மிச்சம். அது யார் கைக்குப் போகிறதோ அவர்களிடம் வரையும் ஆவியும் போகும் என்று ருசாபே ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கை ஷமிசோவின் தங்கை ருவிம்போவின் கைதான் என்பதும் தெரியும்.

முனெட்சி எழுந்தார். சாவு வீட்டிலும் கேலி பேச உரிமையுள்ள குடும்பச் சிநேகிதர். செத்துப்போன எனோக்கின் தொப்பியை மாட்டிக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, கட்டை விரலை நீட்டி எனோக்காகவே மாறினார். கோழியை ஆடாமல் நிற்கச் சொல்லித் திட்டினார். மூக்கு நேரா இருக்கா என்று மனைவியைக் கேட்டு, குழம்பு அடிப்பிடிக்குது என்று பதிலும் அவரே வாங்கினார். செத்தவரின் மனைவியே சிரித்துவிட்டாள். பிறகு ஷமிசோவிடம் திரும்பினார்.

"ஏம்மா சிஹேரா, உனக்கு ஒரு கோழியாவது வரையத் தெரியுமா?"

சிரிப்பு. அவர்கள் குலத்துப் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அடங்காதவள் என்ற அர்த்தமும் அதற்குள் இருக்கிறது.

எனோக் பஸ் கம்பெனி டிக்கெட் பரிசோதகர். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் பிள்ளைகளின் செருப்பைத் தைத்து வைத்துவிட்டு, மிச்சமான சுவர்ப் பெயின்டோடு மாமரத்தடியில் உட்காருவார். எதிரே ருவிம்போ. வீடு முழுக்க அவள்தான்: கடலை உரிக்கும் ருவிம்போ, தூங்கும் ருவிம்போ, கோழியை மடியில் வைத்த ருவிம்போ. ஷமிசோ ஹாஸ்டலிலிருந்து விடுமுறைக்கு வரும்போதெல்லாம் சுவரில் இன்னொரு ருவிம்போ முளைத்திருப்பாள். ஒரு படத்தின் ஓரத்தில் ஒரு முழங்கை உண்டு. அது தன்னுடையது என்று ஷமிசோ பல வருடம் நம்பினாள். அம்மாவுடையதாம்.

ஷமிசோதான் வீட்டில் முதல் பட்டதாரி. அவளுடைய டிரங்குப் பெட்டியைத் தலையில் சுமந்து பஸ்ஸில் ஏற்றியவர் அதே அப்பாதான். வழியெல்லாம் எதிர்ப்பட்டவரிடமெல்லாம் பெருமை பேசுவார். ஆனால் படம்? படிக்கிற பிள்ளையைத் தொந்தரவு பண்ணாதீங்க என்று தூரிகையோடு தள்ளிப்போய்விடுவார்.

ஃபுங்கை பெட்டியில் கை வைத்தபடி ருவிம்போவைப் பார்த்தான். அவள் கண் நிமிரவில்லை.

"அக்காவுக்கே குடு," என்றாள். "நான் உக்காந்தது போதும்."

அத்தை அதட்டினாள். ருவிம்போ நிறுத்தவில்லை.

"எட்டாவதுக்கு அப்புறம் நானும் ஹாஸ்டல் போறேன்னேன். நீயும் போயிட்டா நான் யாரைப் பாத்துட்டு இருப்பேன்னாரு அப்பா. நானும் இருந்துட்டேன். அக்கா, நீ படத்தைப் பாத்து எரிஞ்ச. நான் உன் டிரங்குப் பெட்டியைப் பாத்து எரிஞ்சேன்."

கூட்டம் உச்சுக்கொட்டியது. தங்கையைக் கட்டிப்பிடித்து அழ வேண்டிய இடம் இது என்று ஷமிசோவுக்குத் தெரிந்தது. அவளுக்குள் அழுகை வரவில்லை. பொறாமைதான் இன்னும் ஒரு படி ஏறியது. இவளை விட்டு அவரால் இருக்க முடியவில்லை. என்னை விட்டு இருக்க முடிந்திருக்கிறது.

ஃபுங்கை பெட்டியை அவள் பக்கம் தள்ளினான். வயதில் மூத்தவன்தான்; ஆனாலும் அவர்கள் வழக்கத்தில் மாமன் மகள் சின்னம்மா முறை.

"எடுத்துக்க சின்னம்மா. ஆனா கேட்டு வாங்கினதை ஊர் மறக்காது."

"மறக்க வேணாம்."

கை தட்டாமல் எடுத்தாள். அத்தை இவளைப் பெற்ற வயிற்றைப் பற்றி ஏதோ சொன்னாள். திறந்திருந்த கதவு வழியே முன்னறைச் சுவர் தெரிந்தது: ருவிம்போ, ருவிம்போ, ருவிம்போ. எங்கும் அப்பா இல்லை. அவரை யாரும் உட்காரவைத்து வரைந்ததில்லை. அவர் முகம், அந்த மூடிய ஒற்றைக் கண், எந்தப் படத்திலும் கிடையாது.

கோணலாக வந்தாலும் சரி, கரியாக வந்தாலும் சரி, அந்த முகத்தை அவள் வரைவாள். ஹராரேயில், கதவைப் பூட்டிக்கொண்டு. அம்மாவுக்குக் காட்டப் போவதில்லை. ருவிம்போவுக்கு நிச்சயமாக இல்லை.

பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அம்மா கூப்பிடக் கூப்பிட, ஷமிசோ வெளிவாசலைத் தாண்டி பஸ் ரோட்டில் இறங்கி நடந்தாள்.