யாராவது வாங்க

எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்குப் பெயர் ‘கடிமன்றம்’. மொத்தம் நான்கே பேர், ஒரே வகுப்பில் கடைசி பெஞ்சைத் தேய்த்தவர்கள். மருந்துக்கடை வைத்திருப்பவனை மாத்திரை என்போம். பேருந்து ஓட்டுபவனுக்கு இருபது வயதிலேயே வழுக்கை விழுந்துவிட்டதால் சித்தப்பா என்று பெயர். வாஷிங் மெஷின், ஃபேன் எல்லாம் பிரித்துப் போட்டுப் பழுதுபார்ப்பவன் மோட்டார். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டி ஃபிரேமில் மாட்டுகிற நான் கண்ணாடி. காலையில் யாருக்கும் உபயோகப்படாத ஒரு தகவல், பிறகு நாள் முழுக்க வார்த்தை விளையாட்டு. எவன் எதைச் சொன்னாலும் அதற்கு இன்னொரு அர்த்தம் கண்டுபிடித்து முதலில் போடுகிறவன் ஜெயித்தான். பெரும்பாலும் நான்தான் ஜெயிப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

அன்றைக்குக் காலைத் தகவல் மோட்டாருடையது. ஆக்டோபஸுக்கு மூன்று இதயமாம். நீந்தும்போது அதில் ஒன்று நின்றுவிடுமாம். மூன்று காதல் தோல்வி தாங்கும் என்று நான் போட்டேன். தன் மேலதிகாரிக்கு ஒன்றாவது இருந்தால் தேவலை என்றான் சித்தப்பா. மூன்றுக்கும் தன் கடையில்தான் மருந்து வாங்க வேண்டும் என்றான் மாத்திரை.

பதினொன்று பத்துக்கு மோட்டாரிடமிருந்து இரண்டே சொல் வந்தது: ‘யாராவது வாங்க’.

மெஷினில் ஒரு லென்ஸ் சுற்றிக்கொண்டிருந்தது. அது முடிய மூன்று நிமிடம் ஆகும். அந்த மூன்று நிமிடம்தான் என் ராஜ்ஜியம். நாங்கள் வாடா போடா என்றுதான் பேசிக்கொள்வோம். வரச் சொல்வதென்றால் ‘வாங்கடா’ என்றிருப்பான். ‘டா’ இல்லை. அப்படியென்றால் இது வருகிற வாங்க இல்லை, காசு கொடுத்து வாங்குகிற வாங்க. பாதி வாக்கியத்தை விட்டுவிட்டு மீதியை நம்மை முடிக்கச் சொல்கிறான் என்று கண்டுபிடித்துவிட்டேன். என் மூளை எப்போதும் இப்படித்தான், தேவையில்லாத இடத்தில் பறக்கும். மாத்திரை முந்திவிடப் போகிறானே என்று அவசர அவசரமாகத் தட்டினேன்:

‘என்னடா விக்கிறே? பழசா, புதுசா? ஓடுதா, நின்னுடுச்சா?’

டிப்போவில் சும்மா உட்கார்ந்திருந்த சித்தப்பா, விழுந்து விழுந்து சிரிக்கிற பொம்மைகளாகப் போட்டுத் தள்ளினான். பழசாகத்தான் இருக்கும், தூக்கிப் போக நாலு பேர் வேண்டும் என்றான் மாத்திரை. நான் விடுவேனா? பழசென்றால் எடை போட்டு எடுத்துக்கொள்கிறோம் என்றேன். செய்திகளுக்குக் கீழே நீலக் குறி விழுந்தது; மோட்டார் படித்துவிட்டான். பதில் இல்லை. வாயடைத்துப் போய்விட்டான் என்று நினைத்துக்கொண்டு அடுத்த லென்ஸை மாட்டினேன்.

ஒன்றரை மணிக்கு, எங்கள் சிரிப்புக்கு நேர் கீழே அவன் செய்தி வந்தது: ‘அப்பா போயிட்டார்.’

அதற்கும் இரண்டாவது அர்த்தம் தேடினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு கணம் தேடினேன்.

அவன் வீடு என் கடையிலிருந்து ஐந்து நிமிட நடை. ஓடினேன். அதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் கொண்டுவந்து கிடத்தியிருந்தார்கள். நடந்ததை அங்கே நின்றிருந்த ஓர் அம்மா சொன்னார். பழுதுபார்க்கக் கொடுத்த இஸ்திரிப்பெட்டியை வாங்கிப் போக வந்தவராம். குளியலறை வாசலில் பெரியவர் விழுந்து கிடந்தார். மோட்டார் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இடது கை தலைக்கு அடியில். உருவினால் தலை சாய்ந்துவிடும். வலது கையில் ஃபோன்; தட்ட மிச்சமிருந்தது ஒரு கட்டைவிரல். ‘டா’ போட அவனுக்கு எங்கே நேரம்?

“நான் வர்றப்போ ஃபோன் தரையில கிடந்து டிங் டிங்குன்னு கத்திக்கிட்டே இருந்துச்சு. எடுத்துத் தரட்டுமான்னு கேட்டேன், வேணாம்னு தலையாட்டிட்டார்” என்றார் அந்த அம்மா. “யாருங்க அது, அவ்வளவு நேரம் விடாம கூப்பிட்டது?”

“தெரியலைங்க” என்றேன்.

பக்கத்தில் நின்ற மாத்திரை தரையைப் பார்த்தான். மோட்டார் எங்கள் யாரையும் பார்க்கவில்லை.

யார் வந்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்று டாக்டர் சொன்னாராம். மாத்திரை அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். நானும் இரண்டு நாள் பிடித்துப் பார்த்தேன், மனம் கேட்கவில்லை. காப்பாற்றத்தான் அவன் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாயிற்றே. எங்களைக் கூப்பிட்டது பக்கத்தில் வந்து உட்கார. ஆம்புலன்ஸ் வரும்வரை முக்கால் மணி நேரம் அந்த ஈரத் தரையில், இஸ்திரிப்பெட்டி வாங்க வந்தவர் தவிர வேறு துணையில்லாமல் அவன் அப்பாவோடு இருந்தான், நான் ஐந்து நிமிட தூரத்தில் அவரை எடை போட்டுக்கொண்டிருந்தேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

அன்று மாலையே என் இரண்டு செய்திகளையும் அழித்திருந்தேன். அழித்த இடத்தில் ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்று இரண்டு வரி முளைத்துவிட்டது. அதற்கு அந்த நகைச்சுவையே இருந்திருக்கலாம். குழுவில் பிறகு யாரும் ஒரு தகவலும் போடவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து, கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வழியெல்லாம் மன்னிப்பை ஒத்திகை பார்த்தேன். ஜென்மத்தில் முதல்முறையாக எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. அவன் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினாலும் பரவாயில்லை என்றிருந்தது. வாடா நாயே என்று ஒரு வார்த்தை திட்டினால் போதும், காலில் விழுந்துவிடலாம்.

கதவு திறந்துதான் இருந்தது. முன்னறையில் ஒரு வாஷிங் மெஷினைச் சாய்த்துப் போட்டு பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தான். நான் படியேறும் சத்தம் கேட்டு நிமிர்ந்தான். இத்தனை வருடமாக அந்த வாசலில் நான் கேட்டது ‘வாடா கண்ணாடி’ ஒன்றுதான். ஸ்பேனரைக் கீழே வைத்தான். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றான்.

“வாங்க” என்றான்.

எனக்குப் பின்னால் யாராவது வந்திருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். படியில் நான் மட்டும்தான் நின்றிருந்தேன்.