நிரோஜினியின் ஜெபத்துண்டு

இலங்கைக்கு ஊழியம் செய்யப் போன எங்கள் பன்னிரண்டு பேரில் எழுத்து வேலையெல்லாம் என் தலையில்தான் விழுந்தது. திருவட்டாறு பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளியில் பத்தொன்பது வருடமாகக் கணக்கு நடத்துகிறேன். சபையில் எதை எழுத வேண்டுமென்றாலும் 'பிரிஜா டீச்சர் எழுதட்டும்' என்று சொல்லிவிட்டு மற்றவர்கள் சாப்பிடப் போய்விடுவார்கள். பயண அறிக்கையும் நான்தான் எழுதினேன். நாலு பக்கம், ஆறு படங்கள், சபைப் பத்திரிகையில் வந்தது. அதில் ஒரு பொய்யும் கிடையாது. சொல்ல வேண்டிய ஒரே காரியமும் கிடையாது. பதினைந்து வயதுப் பிள்ளை ஒருத்தி என்னிடம் உதவி கேட்டாள். நான் ஒரு துண்டுத் தாளைக் கொடுத்து எழுதச் சொன்னேன். அவள் எழுதியதை ஐம்பத்தொரு நாள் கழித்துப் படித்தேன்.

எங்கள் சபையில் ஜெபத்துண்டு என்று ஒரு வழக்கம் உண்டு. ஊழியத்துக்கு எங்கே போனாலும், பேச்சிப்பாறை மலைக் குடியிருப்பானாலும் கடல் கடந்த நாடானாலும், அங்கே இருப்பவர்களிடம் சின்னத் தாள்களைக் கொடுப்போம். அவரவர் பாரத்தை எழுதித் தருவார்கள். நோய், கடன், குடிக்கிற புருஷன், பிள்ளையில்லாமை. மடித்து வாங்கி ஒரு மரப்பெட்டியில் போட்டு ஊருக்குக் கொண்டுவருவோம். லெந்து என்கிற நாற்பது நாள் உபவாச காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று ஆராதனை முடிந்ததும் பெட்டியைத் திறப்பார்கள். வீட்டுக்கு ஒரு துண்டு. எடுத்த வீட்டார் நாற்பது நாளும் குடும்ப ஜெபத்தில் அந்தப் பெயரைச் சொல்லி ஜெபிக்க வேண்டும். நல்ல வழக்கம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

முன்பெல்லாம் போனவர்கள் திரும்பும் வழியில் வேனிலேயே துண்டுகளைப் பிரித்துப் படித்துவிடுவார்கள். ஐந்து வருடத்துக்கு முன் அப்படி ஒரு பெண்ணின் வீட்டுச் சங்கதி வேனில் படிக்கப்பட்டு, நாங்கள் ஊர் வந்து சேருவதற்குள் ஊரெல்லாம் பரவிவிட்டது. அடுத்த கமிட்டியில் நான் எழுந்து கத்தினேன். ஊழியத்துக்குப் போகிறோமா, வம்பு பொறுக்கப் போகிறோமா என்று கேட்டேன். இனி துண்டை வாங்கியவுடன் ஸ்டேப்ளர் அடிக்க வேண்டும், லெந்தில் அதை எடுக்கிற வீட்டாரைத் தவிர வேறு யாரும் பிரிக்கக் கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தேன். எல்லாரும் கை தூக்கினார்கள். அன்றிலிருந்து ஸ்டேப்ளர் என் கைப்பையில்தான் இருக்கிறது.

கிறிஸ்துமஸ் கழிந்த மறுநாள் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினோம். எல்லாருக்கும் ஒரே நிறத்தில் டீ சர்ட், முதுகில் வசனம். நேந்திரங்காய் சிப்ஸ் இரண்டு சாக்கு. எங்களை நடத்திக்கொண்டு போனவர் சபையின் மிஷனெரி சங்கச் செயலாளர் ஜெயசிங் அண்ணன், மின்வாரியத்தில் ரிட்டயர் ஆனவர். ஹட்டன் பக்கம் மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டம். தோட்டத்து ஜனங்கள் வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகளில் இருந்தார்கள். எல்லாரும் தமிழ். வெளிநாட்டு ஊழியம் என்ற பெயரும் கிடைத்தது, மொழிபெயர்க்க ஆள் வைக்கவும் வேண்டாம் என்று எங்களுக்கு உள்ளூரச் சந்தோஷம்.

மூன்று நாள் பிள்ளைகளுக்குப் பாட்டு, பொம்மலாட்டம், வசனப் போட்டி. நிரோஜினி முதல் நாளே என்னோடு ஒட்டிக்கொண்டாள். ஒல்லியான பிள்ளை, இரட்டைச் சடை, படிப்பு நின்று ஆறு மாதம் ஆகியிருந்தது. நான் விளையாட்டுக்குக் கொடுத்த பின்னக் கணக்குகளை மணலில் குச்சியால் போட்டுக் காட்டினாள். எல்லாம் சரி. எங்களுக்குச் சமைத்துப் போட்ட பெண்களில் அவள் அம்மாவும் ஒருத்தி. ரொட்டியும் சம்பலும் என் தட்டில் மட்டும் ஒரு பிடி அதிகமாக விழும். 'பிள்ளை உங்களைப் பத்தித்தான் பேசிக்கிட்டே இருக்கா' என்பார்.

கடைசி நாள், டிசம்பர் இருபத்தொன்பது. மத்தியானம் பனிமூட்டம் இறங்கத் தொடங்கியது. படம் எடுக்க வெளிச்சம் போய்விடும் என்று ஜெயசிங் அண்ணன் எல்லாரையும் தோட்டத்து வேதக்கோயில் படிக்கு விரட்டிக்கொண்டிருந்தார். நிரோஜினி என் கையைப் பிடித்தாள்.

"டீச்சர், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"டீச்சரே, உங்களுக்காக்கும் எல்லாரும் நிக்குதாவ" என்று படியிலிருந்து அண்ணன் கூப்பிட்டார்.

நான் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து அவளிடம் நீட்டினேன். "இந்தா மக்கா, இதுல எழுது. எல்லாத்தையும் எழுது. நாங்க பாத்துக்கிடுவோம்."

"நீங்க படிப்பீங்களா டீச்சர்?"

"பின்னே, படிக்காமலா?"

கோயில் சுவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்து எழுதினாள். இடம் போதவில்லை என்று வந்து இன்னொரு துண்டு வாங்கிக்கொண்டு போனாள். எனக்குக் கொஞ்சம் சலிப்பாகக்கூட இருந்தது. திரும்பி வந்து இரண்டையும் சேர்த்து மடித்துத் தந்தாள். நான் ஸ்டேப்ளர் அடித்தேன். ஒன்றுக்கு இரண்டாக அடித்தேன். அவள் முகம் தெளிந்தது. ரகசியத்தைப் பத்திரமாக வைக்கத்தான் டீச்சர் அடிக்கிறார் என்று நினைத்திருப்பாள். படத்தில் என் பக்கத்தில் நின்று பல் தெரியச் சிரித்தாள். சாயங்காலம் நாங்கள் வண்டி ஏறும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிரிவுத் துக்கம் என்று நினைத்து அவளைக் கட்டிப்பிடித்து நான்தான் அழுதேன்.

ஜனவரி இரண்டாம் ஞாயிறு சபையில் பயணச் சாட்சி. அந்தப் படத்தைத் திரையில் போட்டு நிரோஜினியைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினேன். "இந்தச் சின்னப் பிள்ளை தன் பாரத்தைக் கண்ணீரோடு எழுதி நம் கையில் ஒப்படைத்திருக்கிறாள்" என்றேன். அவள் அழவே இல்லை. கண்ணீர் என்பது மேடைக்காக நான் சேர்த்துக்கொண்டது. முன்வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். மரப்பெட்டி எனக்குப் பத்தடி தள்ளி மேசைமேல் இருந்தது.

பிப்ரவரியில் சாம்பல் புதன் வந்தது. என் வீட்டுக்கு யாரோ ஒருவருடைய முட்டுவலித் துண்டு வந்தது. அதை வாசித்து ஜெபித்து முடித்து எழுந்தபோது வாசலில் ஜெபகுமாரி அக்கா நின்றிருந்தார். எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கிறவர். கையில் பிரித்த இரண்டு துண்டுகள்.

"ஏட்டி பிரிஜா, எனக்கு வந்த துண்டுல ஜெபத்துக்குன்னு ஒண்ணும் இல்ல. இது ஒனக்க பேருக்காக்கும் எழுதியிருக்கு. நான் படிச்சிட்டேன். படிச்சிருக்கப்பிடாது." அவர் உட்காரவும் இல்லை. என் கையில் வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

பொடிப்பொடியான எழுத்து, இரண்டு பக்கமும்.

'பிரிஜா டீச்சருக்கு. நான் நிரோஜினி. ஜனவரி 20ஆம் திகதி என்னைக் கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பப் போகிறார்கள். அது போன வருசம் சுகன்யா அக்கா வேலை செய்த வீடு. அந்த வீட்டு ஐயா இரவில் அவள் படுக்கிற அறைக்கு வருவாராம். அக்கா என்னிடம் மட்டும் சொன்னாள். ஒருவருக்கும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினாள். அதனால்தான் எழுதுகிறேன், சொல்லவில்லை. என் அம்மாவுக்கு இது தெரியாது. தெரிந்தால் அனுப்ப மாட்டா. அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் போவதற்கு முன் அம்மாவிடம் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் அம்மா நம்புவா. அம்மா இப்போது சமையல்கட்டில்தான் இருக்கிறா. நீலச் சீலை.'

அவ்வளவுதான் கேட்டிருந்தாள். முப்பது நாற்பது அடி நடந்து போய், எனக்குச் சோறு போட்ட பெண்ணிடம் நாலு வார்த்தை சொல்ல வேண்டும். வேறு ஒன்றும் இல்லை. நான் வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன், என்னவானாலும் என்னிடம் வந்து சொல்லுங்கள் என்று. பிள்ளைகளுக்கான உதவி எண்ணைப் பள்ளிச் சுவரில் பெயிண்ட் அடிக்க வைத்ததே நான்தான். எனக்கு என்மேல் வந்த வெறுப்பை எழுத முடியாது. இருபதாம் தேதி கழிந்து ஒரு மாதம் ஆகப் போகிறது என்று கணக்கு மட்டும் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது.

எங்களை அங்கே வரவழைத்தவர் தோட்டத்துச் சிறு சபையை நடத்தும் உபதேசியார். அவர் எண் என்னிடம் இருந்தது. உடனே கூப்பிட்டேன். "நிரோஜினியா? அது கொழும்புக்குப் போயிருச்சே டீச்சர், போன மாசம்" என்றார் சாதாரணமாக. முதல் வாரம் பேசினாளாம். பிறகு போன் இல்லையாம். அந்த வீடு நல்ல வீடு இல்லை, உடனே அவள் அப்பாவை அனுப்பிக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். காரணத்தைச் சொன்னேன். இப்போதே அவள் வீட்டுக்குப் போகிறேன் என்று போனை வைத்தார்.

மறுநாள் காலை ஜெயசிங் அண்ணன் வீட்டுக்குப் போனேன். துண்டை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கெட்ட மனிதர் இல்லை.

"டீச்சரே, இது வேற நாடு. நாம போனது டூரிஸ்ட் விசாவுல. நாம போய் போலீஸு, கேஸுன்னு நின்னா, நம்மள விளிச்ச அந்த உபதேசியாருக்காக்கும் எடங்கேறு, கஷ்டம். அடுத்த வருஷம் ஒருத்தரும் போவ முடியாது."

"அடுத்த வருஷம் எதுக்குண்ணே போவணும்?"

அவர் துண்டை மடித்து என்னிடமே நீட்டினார். "ஞாயித்துக்கிழமை பேரைச் சொல்லாம விசேஷ ஜெபத்துல வைப்போம். ஜெபிக்கியதைத் தவிர நம்மட்ட வேற என்ன இருக்கு?" என்றார்.

ஜனவரி இருபது வரை எங்களிடம் நேரம் இருந்தது, அந்தத் தாளும் இருந்தது. அதை அவரிடம் சொல்லி என்ன பிரயோஜனம்? வெளியே வந்து என் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றேன். ஜெபிக்கலாம் என்று பார்த்தேன். வாய் திறந்தது, வார்த்தை வரவில்லை. ஐந்து வயதிலிருந்து ஜெபிக்கிறவள் நான். அன்றிலிருந்து இன்றுவரை ஒரு வரி வரவில்லை.

வெள்ளிக்கிழமை நிரோஜினியின் அப்பா கொழும்புக்குப் போனார். அந்த வீட்டார் கேட்டைத் திறக்காமலே பேசியிருக்கிறார்கள். பிள்ளை பிப்ரவரி எட்டாம் தேதியே யாரிடமும் சொல்லாமல் போய்விட்டது, எங்களுக்குத் தெரியாது என்று. துணிப்பையைக் கொண்டுவந்து கம்பிக்கு வெளியே கொடுத்தார்களாம். போலீஸில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். நானும் அந்த நாட்டு உதவி எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். பெயர், வயது, அடையாளம் எல்லாம் பொறுமையாகக் கேட்டார்கள். அடையாளம் என்ன சொல்வது? இரட்டைச் சடை என்றேன், பின்னக் கணக்கு நன்றாகப் போடுவாள் என்றேன். படம் இருக்கிறதா என்று கேட்டார்கள். திரையில் போட்ட அதே படத்தை அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலுக்குப் போகவில்லை. மத்தியானம் உபதேசியாரின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது நிரோஜினியின் அம்மா.

"டீச்சர், சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். நான் சாப்பிட்டேன் என்றேன். அதுவும் பொய்.

"பிள்ளை உங்களுக்கு என்னமோ எழுதிக் குடுத்திருக்குன்னு உபதேசியார் சொன்னாரு. விஷயத்தையும் சொன்னாரு. அவ எழுதினது அப்படியே எனக்குக் கேக்கணும். படிங்க."

வகுப்பில் வாசிப்பதுபோல நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். வேறு எப்படி வாசிப்பது என்று தெரியவில்லை. கடைசி வரிவரை குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார்.

"இத எப்ப குடுத்தா?"

"நாங்க கிளம்பின அன்னைக்கு மத்தியானம்."

"நீங்க எப்ப படிச்சீங்க?"

"போன புதன்கிழமை."

எங்கள் வழக்கத்தை, ஸ்டேப்ளரை, என் தீர்மானத்தை எல்லாம் சொல்லலாம் என்று வாய் எடுத்தேன். நல்லவேளை, சொல்லவில்லை. அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் குரல் உயரவே இல்லை.

"போறதுக்கு முந்தின வாரம் ரெண்டு மூணு தடவை என் பக்கத்துல வந்து நின்னா டீச்சர். என்னடின்னு கேட்டேன். ஒண்ணுமில்லம்மா, டீச்சர்ட்ட எழுதிக் குடுத்துட்டேன், அவங்க உங்களுக்குச் சொல்லுவாங்கன்னா. நான் ஜெபமாக்கும்னு நெனச்சு சரின்னு விட்டுட்டேன். வேன்ல ஏறுறவரைக்கும் ரோட்டையே பாத்துக்கிட்டு நின்னா. நீங்கல்லாம் வராமலே இருந்திருந்தா, அவ எப்படியும் என்கிட்டயே சொல்லியிருப்பா."